‘விருந்தாளி’ நான்காம் பதிப்பு செய்த வேலை

திருகோணமலை,
ஞாயிறு காலை.

உப்புவெளியில் தனியொருவராக இருந்து ‘விருந்தாளி’ என்னும் கணினி மென்பொருளை ஆக்கி விற்கும் மதிப்புக்குரிய வினோதன் தம்பி அவர்களுக்கு, துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அபூதாஹிர் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் வீட்டாரும் நலம். நீங்களும், உங்கள் பெற்றோரும், உங்கள் கணினிகளும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும்.

இக்கடிதம் இரண்டு காரியத்துக்காக. ஒன்று, நான்காம் பதிப்புக்கு நன்றி சொல்ல. மற்றது, ஐந்தாம் பதிப்பில் வரப்போவதாக நீங்கள் மின்னஞ்சலில் அறிவித்த ஒரு வசதியைத் தயவுசெய்து கைவிடும்படி கேட்க. ஒரு மாதத்துக்கு முன்பு எழுதியிருந்தால் இது பொலிசுக்குப் போகும் முறைப்பாடாக இருந்திருக்கும். நல்ல வேளை, அப்போது பேனை அகப்படவில்லை.

என் மகள் அம்ராவின் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டிய நானூற்றுச் சொச்சம் பேரையும் உங்கள் மென்பொருளில்தான் பதிந்து வைத்திருந்தேன். அதில் ஒரு பெயரை மட்டும் நானே அழித்தேன், சரியாக அழிபடவில்லைபோல, மூன்று தரம் அழிக்க வேண்டியிருந்தது. தோப்பூரில் வயல் செய்யும் என் கூடப்பிறந்த மூத்தவர், ஜுனைதீன் காக்காவின் பெயர். இரவல் கொடுத்த தண்ணீர் மெசின் யார் கையில் பழுதானது என்ற கதையில் ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. காக்காவாக வந்தால் பேசலாம் என்று நான் இருந்தேன், தம்பியாக வந்தால் பேசலாம் என்று அவர் இருந்தார், இரண்டு பேருக்கும் தலை நரைத்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, மூத்தவர் எங்கே என்று சம்பந்தி கேட்டுவிட்டார். குடும்பத்தில் பிளவு என்று தெரிந்தால் பெண் எடுக்க யோசிக்கிற ஆட்கள். அதனால், காக்காவுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியாமல் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். பொய் சிறியதுதான், ஆனால் மகளின் கலியாணமே அதன் மேல் நின்றது.

அப்போதுதான் உங்கள் மின்னஞ்சல் வந்தது. நான்காம் பதிப்பில் அழித்த பெயர்கள் தாமாகவே மீண்டும் வருமாம், யாரை யாரோடு எந்தச் சஹனில் இருத்துவது என்றும் உறவுமுறை பார்த்துப் பிரித்துத் தருமாம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற எங்கள் வழக்கத்துக்கு வசதி செய்ய ஒரு சைவ சமயப் பிள்ளைக்குத் தோன்றியதே என்ற பெருமையில், சஹன் பற்றிய பாதியை மட்டும் வாசித்துவிட்டு, புதுப்பிக்கவா என்று கேட்ட பெட்டியில் அமுக்கிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டேன். மற்றப் பாதியை வாசிக்காதது என் பிழை.

மனைவி நஜ்முன் நிஸாவும் அவளுடைய தங்கை ரபீக்காவும் பெயர்ப் பட்டியலை அச்சடித்த தாளோடு ஆட்டோ பிடித்து, மூதூர்ப் பக்கம் வீடு வீடாகக் கலியாணம் சொல்லப் போனார்கள். பின்னேரம் வந்து, தோப்பூருக்கும் போய்க் காக்காவிடம் சொல்லிவிட்டோம் என்றார்கள். ஏன் சொன்னாய் என்று மனைவியைக் கேட்டால், தாளில் இருந்தது, சொன்னோம் என்கிறாள். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாம், சொன்ன கலியாணத்தை எப்படித் திருப்பிக் கேட்பது? அவர் வராவிட்டால் ஒரு வெட்கம், வந்தால் இரண்டு வெட்கம். உங்களை அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன்.

கலியாணத்தன்று மண்டப வாசலில் ஒட்டியிருந்த சஹன் தாளைப் பார்த்தால், முதலாம் சஹனில் நான், எனக்கு எதிரே சம்பந்தி, எனக்குப் பக்கத்தில் ஜுனைதீன் காக்கா. கிழிக்கலாம் என்று கையை நீட்டுகிறேன், கட்டிலை விட்டு எழும்ப ஏலாத மனிதர் தோப்பூரிலிருந்து தானே மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்து இறங்குகிறார். சம்பந்தி அதைக் கண்ணாலே கண்டுவிட்டார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். தட்டு வந்தது. சம்பந்தி மெதுவாகக் காக்காவிடம் நாரி எப்படி என்று கேட்டார். காக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

“இப்ப பரவாயில்ல. தம்பிதான் கூட இருந்து பாத்தவன்” என்றார்.

பிறகு ஈரல் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “சோறு ஆறுது, தின்னு” என்றார். நான் தின்றேன், தம்பி. அழுதுகொண்டே தின்றேன், அதில் எனக்கு வெட்கமில்லை. கலியாணம் குறைவில்லாமல் முடிந்தது. இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்குள் தண்ணீர் மெசின் கதை மறுபடி தொடங்கிவிட்டது, ஆனால் இப்போது பேசிப் பேசியே சண்டை பிடிக்கிறோம்.

ஆகவேதான் கேட்கிறேன். ஐந்தாம் பதிப்பில், பேசாத இருவரின் பெயருக்கு நடுவே சிவப்புக் கோடு போட்டால் அவர்களை மண்டபத்தின் இரண்டு முனையில் இருத்தும் வசதி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அது என் கையில் இருந்திருந்தால் அந்தக் கோட்டை இரண்டு தரம் போட்டிருப்பேன். அதை விட்டுவிட்டு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கண்ணாடிக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

உங்கள் தொழில் பெருகவும், உங்களுக்கும் காலாகாலத்தில் ஒரு கலியாணம் கூடிவரவும் துஆச் செய்கிறேன். அந்தப் பட்டியலில் என் பெயரையும் பதிந்து வையுங்கள். உங்கள் உம்மா வாப்பாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அ. அபூதாஹிர்

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் இடும் நேரம் புது மருமகன் ஸஜ்ஜாத் வந்து கணினியைத் திறந்து பார்த்தார். அதன் சேமிப்பு வட்டில் இடம் போதாமல் நான்காம் பதிப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதத்திலேயே நின்றுவிட்டதாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுவது மூன்றாம் பதிப்புத்தானாம், அதில் சஹன் என்ற சொல்லே கிடையாதாம். அப்படியானால் அந்தத் தாள்கள் எங்கிருந்து வந்தன என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டேன். நஜ்முன் நிஸா வெங்காயம் உரித்தபடியே, “சஹன் தாளும் நான் அடிச்சதுதான். நீங்க அந்தப் பேர மூணு தரம் அழிச்சீங்க. நான் நாலு தரம் அடிச்சன்” என்றாள். தம்பி, மேலே எழுதிய நன்றியைப் பேனையால் எழுதியதால் அழிக்க முடியவில்லை. அதை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வீட்டிலேயே கொடுக்க வேண்டியிருக்கிறது.