ஐந்தாவது கேசட்

இந்தத் தீபாவளி போனஸில் மூன்று சிடி போடும் ஸ்டீரியோ செட் வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, பஞ்சவர்ணம் இடித்துக் காட்டினாலும் சரி!

பஞ்சவர்ணம் என் மனைவி. அவளுக்குக் கிரைண்டர் வேண்டுமாம். எங்கள் கோச்சடை ஏரியாவிலேயே ஆட்டுரலோடு மல்லுக்கட்டுகிற ஒரே பெண்பிள்ளை தான்தான் என்று புலம்பல். கிரைண்டர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். புது ஆல்பம் வந்த சூட்டோடு வாங்கி, ஆறுவதற்குள் அபிப்பிராயம் சொல்ல மதுரையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"எதைப் போட்டாலும் ஒரே இரைச்சலாத்தான் இருக்கு" என்றாள்.

"இரைச்சலா? கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருறேன். அஞ்சு கேசட் போடு. என்ன ஆல்பம், எப்படி இருக்குன்னு சொல்றேன். அஞ்சும் சொல்லிட்டா செட்டு!"

"சொல்லலைன்னா?"

"கிரைண்டர்!"

வீட்டில் இருக்கிற கேசட் எல்லாம் நான் வாங்கியவை. பரீட்சைக்குப் போகிறவனே கேள்வித்தாள் எழுதின மாதிரி! என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

நடுவர், பக்கத்து வீட்டு சாய்பிரசாத். சௌராஷ்டிராக்காரர், சுங்குடிச் சேலை வியாபாரி, நியாயஸ்தர். ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் கேசட்.

"பாப் ஆல்பம்! பையன் நல்லாப் பாடுறான். கிட்டாரைத்தான் சொறிஞ்சே கொன்னுட்டான்."

"கரெக்ட்டுண்ணே!" என்றார் நடுவர்.

இரண்டாவது.

"அம்மன் பாட்டு. உடுக்கை பிரமாதம். எனக்கே சாமி வந்துருச்சு!"

"வந்த சாமியை ரேஷன் கடைக்குப் போகச் சொல்லியிருக்கலாம்ல?" இது பஞ்சவர்ணம்.

மூன்றாவது.

"வீணை! வாசிச்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

"மாவாட்டுற கைக்கு?"

காதில் விழாத மாதிரி நான்காவதுக்குப் போனேன். "நாட்டுப்புறப் பாட்டு. தப்புச் சத்தத்துல ஒரு தப்புக்கூட இல்ல!"

"அண்ணே, பின்றீங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. செட்டை எந்த மூலையில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். ஐந்தாவது கேசட் ஓடியது.

கடகடவென்று ஒரே சீராக ஒரு தாளம். மேலே இரண்டு பெண் குரல்கள். பாஷை புரியவில்லை. நான் கேட்டதே இல்லை! வியர்த்துவிட்டது. சட்டென்று ஞாபகம் வந்தது. போன வாரம் டவுன்ஹால் ரோட்டில் வாங்கி, இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த மேல்நாட்டு ஆல்பம்! அதேதான்!

"மேல்நாட்டு ஃப்யூஷன்!" என்று கத்தினேன். "தாளத்தைக் கேளுங்க, கல்லும் கரையும்! பாடுற பொண்ணுக்கு இருபது வயசு இருக்கும். காதலன் கப்பலேறிட்டான். அந்த ஏக்கம்தான் குரல்ல. இன்னொருத்தி ஆறுதல் சொல்றா. மனுசனை ஆட்டி வைக்குதுய்யா! இந்த வருசத்துக்கே இதுதான் ஆல்பம். இது தினமும் நம்ம வீட்ல ஒலிக்கணும்!"

துண்டை அவிழ்த்தேன். சாய்பிரசாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாடுற பொண்ணு எங்கம்மா சாரதாம்பாள். உளுந்துக்குத் தண்ணி பத்தலைன்னு எங்க வீட்டுக்காரியைச் சத்தம் போடுறாங்க. அம்புட்டும் சௌராஷ்டிரா பாஷைண்ணே!"

"அப்ப அந்தத் தாளம்?"

"எங்க வீட்டுக் கிரைண்டர்."

நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன்.

"நம்ம டூ இன் ஒன் டேப்பை அவுக வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பதிஞ்சுட்டு வந்தேன்" என்றாள். "இத்தனை வருசமா ஒரே சுவரு. காதுல வாக்மேனை மாட்டிக்கிட்டே திரிஞ்சா அவுக பேசுறது எப்படித் தெரியும்? ஆனா நீங்க சொன்னது பூராம் சரிதான். கல்லு இருக்கு, அரிசி கரையுது, ஆட்டவும் செய்யுது. தினமும் நம்ம வீட்ல ஒலிக்கணும்னும் சொல்லிட்டீங்க. நடுவர் கேட்டுக்கிட்டாருல்ல?"

"நல்லாக் கேட்டுக்கிட்டேன் மதினி!"

கிரைண்டர் வந்து இறங்கியது. மஞ்சள் குங்குமம் வைத்த கையோடு, "சத்தத்தை வச்சே எல்லாஞ் சொல்றவராச்சே, பதம் நீங்கதான் பாக்கணும்" என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்தாள். என் வாக்மேனை மாட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் படுத்தவள், "ஏங்க, கிட்டாரு ஒண்ணும் அப்படிச் சொறியலையே!" என்றாள்.

இப்போதெல்லாம் புது ஆல்பங்களைப் பற்றி அவள்தான் அபிப்பிராயம் சொல்கிறாள். எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே அபிப்பிராயம், உளுந்துக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாம் என்பதுதான்.