மூணு ஏஸும் ஒரு பாஸும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலம் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அங்கே என் பெரியப்பா மகன் ராஜதுரை அண்ணனின் பேத்திக்குக் காதுகுத்து. போனால் என்னை உக்கிராண அறையில் உட்கார வைத்து, சமையல்காரருக்குத் தேங்காயும் வெல்லமும் எடுத்துக் கொடுக்கச் சொல்வார். போன விசேஷத்தில் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் என் ஞாபகமே அவர்களுக்கு வந்தது. எனக்கு ரசம் மட்டும் கிடைத்தது.

அதே ஞாயிறு பெரம்பலூரில் பிரிட்ஜ் போட்டி. அரியலூரில் எங்கள் பக்கத்து வீட்டு அரியமுத்து சார், ரிட்டயர்டு இன்ஜினீயர், அந்தச் சீட்டாட்டத்தில் பழைய புலி. அவருடைய பார்ட்னர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டதால் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தின் மேல் எனக்கு உயிர்.

சிக்கல் என்னவென்றால், என் மனைவி வெற்றிச்செல்வியும் அதன்மேல் கண் வைத்திருந்தாள். அவளுக்குப் பிரிட்ஜ் கற்றுக் கொடுத்தவன் நான். அதற்கான தண்டனையை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

“ஏங்க, காதுகுத்துக்கு ரெண்டு பேர்ல ஒருத்தராவது போவணும்ல?”

“நீ போ. நான் ஆடப் போறேன்.”

“அவரு உங்க அண்ணன்.”

“அவருக்கு உன்னத்தான் ரொம்பப் புடிக்கும்.”

“சரி, ஒரு பந்தயம். இன்னைக்கு மத்தியானம் சார் வூட்டுல ஆடுறோம்ல? நீங்க ஏலம் கேட்ட ஆட்டம் ஒண்ணுகூடத் தோக்கலைன்னா நீங்க பெரம்பலூர் போங்க. ஒண்ணு தோத்தாலும் நான் போறேன்.”

“அப்பறம் பேச்சு மாறக்கூடாது.”

“மாறமாட்டேங்க.”

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு கட்சி, ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. சுற்றுக்கு ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்கு அந்தப் பிடி; மொத்தம் பதிமூன்று பிடி. எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். பெரிதாகக் கேட்டு எடுத்துவிட்டால் புள்ளி கொட்டும். குறைந்தால் புள்ளி எதிராளிக்கு. பயமாக இருந்தால் ‘பாஸ்’ என்று சொல்லிவிட்டு மோட்டுவளையைப் பார்க்கலாம். நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு ராஜா வந்தால் அரண்மனையே வந்த மாதிரி கேட்பேன். பாதி ஆட்டம் கவிழும். ஆனாலும் சார், “தமிழழகன் துணிஞ்ச ஆளுய்யா” என்று என் தோளைத் தட்டுவார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. ஏலமே கேட்காதவன் எப்படித் தோற்பான்? வெற்றிச்செல்வியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சாரும் அவர் மனைவி பாக்யலட்சுமி அம்மாவும் ஒரு கட்சி. நாங்கள் ஒரு கட்சி. முதல் ஆட்டம், பாஸ் என்றேன். இரண்டாவதும் பாஸ். மூன்றாவதிலும் பாஸ்.

“என்ன தம்பி, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் பாக்யலட்சுமி அம்மா.

“நல்லாத்தாங்கம்மா இருக்கேன்.”

ஐந்தாவது ஆட்டத்தில் சீட்டை விரித்த எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று ஏஸ், மூன்று ராஜா. வாழ்நாளில் எப்போதாவது வரும் கை. எனக்கு முன்னால் வெற்றிச்செல்வி, “ஒரு ஆர்ட்டின்” என்றாள். ஆர்ட்டினைத் துருப்பாக வைத்து ஏழு பிடி எடுப்பேன் என்று அர்த்தம். ஏழு பிடிக்குக் கீழே ஏலமே கிடையாது. சார் பாஸ் சொன்னார். என் முறை. பெரிய ஏலம் தொண்டை வரை வந்தது. ஜெயித்தால் புள்ளி மழை. ஒரே ஒரு பிடி குறைந்தாலும் விக்கிரமங்கலத்துத் தேங்காய்.

“பாஸ்” என்றேன். பாக்யலட்சுமி அம்மாவும் பாஸ்.

ஏலம் எடுத்தவரின் பார்ட்னர் தன் சீட்டையெல்லாம் எல்லாரும் பார்க்க மேசையில் விரித்து வைக்க வேண்டும் என்பது பிரிட்ஜ் விதி. பதினைந்து வருஷமாக ஆடுகிற எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் எப்போதும் ஏலம் கேட்பவன் நான், விரிப்பவள் அவள்.

விரித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இத வச்சுக்கிட்டா பாஸ் சொன்னீங்க?”

“இல்ல சார், கொஞ்சம் யோசிச்சு...”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

வெற்றிச்செல்வி ஆட ஆரம்பித்தாள். ஏழு கேட்டவள், என் சீட்டின் தயவில் பன்னிரண்டு பிடி எடுத்துவிட்டு, சார் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

டீ வந்தது. சார் அதை ஆற்றியபடியே சொன்னார்: “பயப்படுற ஆள வச்சுக்கிட்டு நான் போட்டிக்குப் போவ முடியாது. ஏம்மா வெற்றிச்செல்வி, ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்குக் கெளம்பலாமா? பாக்யமும் கூட வர்றா.”

“சார், பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன். ஒரு ஆட்டம்கூடத் தோக்கல” என்றேன்.

“ஆமாங்க சார், அவருதான் ஜெயிச்சாரு” என்றாள் அவளும், நியாயம் தவறாமல்.

“அந்தப் பந்தயத்துல என்னயச் சேக்கலையே” என்றார் சார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “நான் ஒண்ணாவது தோப்பேன்னுதானே பந்தயம் கட்டுன?”

“சேச்சே” என்றாள், என் வேட்டியை மடித்துப் பையில் வைத்தபடி. “நீங்க தோத்தாலும் சார் உங்களத்தாங்க கூப்புடுவாரு. அதனால தோக்க வேணாம், பயந்தா போதும்னு நெனச்சேன்.”