உன் அக்காவைச் சிலையாக வடித்த விவரம்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுவது. இங்கே குளியலறையைத் தவிர யாவரும் நலம். நீயும் உன் மனைவியும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அறிய ஆவல்.

போனில் நீ கேட்டதை நான் மறக்கவில்லை. "என்ன அத்தான், நான் அனுப்பின களிமண்ணுல ஒரு உருண்டையாவது பிடிச்சீங்களா?" என்றாய். பக்கத்தில் உன் மனைவி சிரித்ததும் காதில் விழுந்தது. உருண்டை என்ன, உன் அக்காவின் தலையையே பிடித்துவிட்டேன்! நர்ஸ் வேலையிலிருந்து அவள் ஓய்வுபெற்ற விழாவில் வார்டே எழுந்து நின்று கைதட்டியது. நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

என் கையால் செய்த சிலையை விழாவில் திறந்துவைப்பேன் என்று தலைமை நர்ஸிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உனக்கே தெரியும், வேலையில் இருந்தவரை பாலங்களில் விரிசல் தேடியவன் நான். எதைப் பார்த்தாலும் இது எங்கே உடையும் என்றுதான் முதலில் தோன்றும். மண்ணைப் பார்த்தாலும் அதே புத்தி. சிரித்த முகமாகச் செய்யலாமா? சிரித்தால் பல் தெரிய வேண்டும், பல் தெரிந்தால் எத்துப்பல்லும் தெரிய வேண்டும், அது தெரிந்தால் அவள் என்னைச் சும்மா விடுவாளா? சரி, வாயை மூடிவிடலாம் என்றால், வாய் மூடிய உன் அக்காவை யாருக்கு அடையாளம் தெரியும்? கழுத்து மெலிந்தால் தலை விழும், தடித்தால் எனக்கு அடி விழும். இப்படியே யோசித்து யோசித்து, மூக்கின் நீளத்தையாவது சரியாகத் தெரிந்துகொள்வோம் என்று, அவள் மதியம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வெர்னியர் அளவுகோலை மூக்கில் வைத்தேன். இரும்பு சில்லென்று பட்டதும் அவள் போட்ட அலறலில் மாடிவீட்டு வக்கீல் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"மூக்கை அளக்கறேன்."

"எதுக்கு?"

"கழுத்து தாங்குமான்னு பார்க்கத்தான்."

அவர் உன் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "ஏதாவது பிரச்சினைன்னா தயங்காம சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் யோசிக்கிறேன் என்பதற்காக மண் காத்திருக்குமா? செங்கல் மாதிரி இறுகிவிட்டது. வாளியில் ஊறப்போட்டேன். எவ்வளவு தண்ணீர் விடுவது என்று முடிவுசெய்வதற்குள் பாதி கரைந்துபோய், அதைச் சாய்த்து ஊற்ற, குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. விழாவன்று காலை கணுக்கால்வரை கலங்கல் தண்ணீர். உன் அக்கா கடைசி நாள் டியூட்டிக்குக் கிளம்பியவள், வாசலில் நின்று, "சிலையெல்லாம் வேண்டாங்க. நீங்க வந்து உட்கார்ந்தா போதும்" என்றாள். மச்சான், கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாந்தமாகச் சொன்னாள். சுருக்கென்று தைத்தது.

தண்ணீரில், வாஷ்பேசின் முன்னால் நின்றபடியே பிளம்பருக்குப் போன் போட்டேன். "இதோ வந்துட்டே இருக்கேன் சார்" என்கிறான், பின்னால் டிவி பாடுகிறது! எனக்கு வந்ததே கோபம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையில் அகப்பட்ட மீதி மண்ணைப் பிசைந்தபடி அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"எங்கப்பா இருக்கே?"

"உங்க தெருவுலதான் சார்."

"அப்ப ஜன்னல்ல கையை ஆட்டறேன், தெரியுதா?"

"இல்ல சார்... அடுத்த தெரு."

அவன் தெருத் தெருவாகப் புளுக, நான் விடாமல் துரத்த, கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்து நிமிர்ந்தால், மச்சான், வாஷ்பேசினில் ஒரு முகம்! கண், மூக்கு, கன்னம் எல்லாம் அதனதன் இடத்தில். வாய்கூடத் திறந்தே இருந்தது. உன் அக்காவேதான், சந்தேகமே இல்லை! யோசித்தபோதெல்லாம் வராத மூக்கு, திட்டும்போது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு கொண்டை வைத்தேன். முடிந்தது வேலை. எங்கே உடையும் என்று பார்க்கக்கூட இல்லை.

விழாவில் துணியை விலக்கினேன். முன்வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. அப்புறம் கைதட்டல்! பெரிய டாக்டர், "அச்சு அசல் சார், அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க!" என்று என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சின்ன நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். பாவம், இளகிய மனசு. உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிலையின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். அந்த நிமிஷத்தில் நான் கட்டிக்காத்த பாலமெல்லாம் எனக்குத் தூசு.

ஆகவே, இனி எதையும் யோசிப்பதாக இல்லை. அடுத்தது உன் முகம்தான். விடுமுறையில் புறப்பட்டு வா. உன் மனைவிக்கு என் அன்பு; அவள் சிரித்ததை மன்னித்துவிட்டேன் என்று சொல். உன் முதுகு விரைவில் நேராக வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான் (சிற்பி)

பின்குறிப்பு: தம்பி, தபாலில் போடச் சொல்லி உன் அத்தான் கொடுத்தார். படித்துவிட்டு அக்கா எழுதுகிறேன். அந்தச் சிலையில் கொண்டை மட்டும்தான் நான். மற்றதெல்லாம் அவரேதான். வாஷ்பேசினுக்கு நேர் மேலே கண்ணாடி இருப்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. நீயும் சொல்லித் தொலைக்காதே, மறுபடி யோசிக்க உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் தயக்கமே இல்லாத அவர் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் மறுக்காமல் வந்து உட்கார். மீசை மட்டும்தான் உன்னுடையதாக இருக்கும், மனதைத் தேற்றிக்கொள்.