இருபது மில்லிமீட்டர் வளைவு

மதிப்பிற்குரிய ஹென்னி அத்தைக்கு, கோத்தன்பர்கிலிருந்து டோபியாஸ் எழுதுவது. நலம். இடுப்பெலும்பு கூடி, மால்மோவில் நீங்கள் கைத்தடியில்லாமல் நடப்பதாக அப்பா சொன்னார். மகிழ்ச்சி. ஆகவே ஞாயிறு எபிரேய வகுப்புக்கு உடனே வேறு ஆளைப் பாருங்கள். "ஆறே வாரம்தான்டா, பொடிசுங்களுக்கு எழுத்து சொல்லித்தர என்ன பெரிய மூளை வேணும்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போய்ப் பதினான்கு மாதமாகிறது. நான் இயந்திரம் வடிவமைப்பவன். எனக்குப் பொறுமை கிடையாது.

ஏழு பிள்ளைகள். எபிரேயம் வலமிருந்து இடம் என்பது நினைவிருக்க, வலது கையில் சிவப்பு நூல் கட்டினேன். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவன் கை நூலைப் பார்த்து மற்றவன் இடமிருந்து படித்தான். படிப்பதாவது, எல்லாம் மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஜெபம் பிசகாமல் வரும். "வாயில் வருவதைச் சொல்லாதே, கண்ணில் படுவதைப் படி" என்று கறாராகச் சொல்லி, அலுவலக இயந்திரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மர எழுத்துகள் வெட்டிக் கொண்டுவந்தேன். உடனே பெற்றோர் கூட்டம். மீக்காவின் அம்மா, "முனையெல்லாம் இப்படிக் கூரா இருக்கே, புள்ள கண்ணுல குத்திக்கிட்டா யாரு பொறுப்பு?" என்றார். வாக்கெடுத்தார்கள். தோற்றேன். கோபத்தில் எல்லா எழுத்தின் முனைக்கும் ஒரே கட்டளையில் இருபது மில்லிமீட்டர் வளைவு கொடுத்து, மழுங்கலாக மறுபடி வெட்டினேன். தாலெத் எழுத்துக்கும் ரேஷ் எழுத்துக்கும் உள்ள வித்தியாசமே தாலெத்தின் அந்தக் கூர்முனைதான் என்பது, அதையே கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன சனிக்கிழமை பிள்ளைகள் சபை முன்னால் படிக்கும் நாள். ஜெபத்தின் முதல் வரியை வெள்ளியன்றே பலகையில் பொருத்தி வைத்திருந்தேன். அதன் கடைசிச் சொல் தாலெத்தில் முடிந்தால் கடவுள் ஒருவர். ரேஷில் முடிந்தால் கடவுள் வேறொருவர். மற்ற ஆறும் ஒப்பித்திருக்கும். நான் சொன்னதைக் கேட்கிற ஒரே பிள்ளை, ஆறு வயது தீர்ஸா, முதலில் நின்றாள். கணீரென்று படித்தாள். வேறொருவர்.

ஜெபக்கூடத்து ரபி குனிந்து, "கண்ணு, இன்னொரு தடவ நல்லாப் பாத்துப் படிம்மா" என்றார். நல்லாப் பார்த்து அதையேதான் படித்தாள். "இருக்கறதத்தான் படிக்கணும்னு டோபியாஸ் சொன்னாரு" என்று என்னைக் காட்டியும் கொடுத்தாள். முனையைத் தீட்டிவிட நான் அலமாரியிலிருந்து அரத்தை எடுத்தேன். ரபி கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய்வுநாள்ல எழுதக் கூடாது, எழுத்தத் திருத்தறதும் எழுதறதுதான்ப்பா. விடு." இருட்டும்வரை அந்த வரி அப்படியே தொங்கியது. ஹெர்ரிங் மீன் தட்டோடு வந்த இசிடோர் பெரியவர், "எழுபது வருஷமா ஒருத்தர்னு நெனச்சுக் கும்பிட்டுட்டேன். ஆள் மாறினத யாராவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். இப்போது டிராமில் பார்க்கிற சபையார் எல்லாம் வேறொருவரின் சௌக்கியத்தை என்னிடம் விசாரிக்கிறார்கள். போதும் அத்தை. விட்டுவிடுங்கள்.

நூற்றிருபது வயதுவரை அந்த இடுப்பு உங்களைச் சுமக்கட்டும்.

இப்படிக்கு,
மருமகன் டோபியாஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது தீர்ஸா தன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள், ஜெபக்கூடத்துப் பழைய ஜெபப் புத்தகத்தோடு. "நாப்பதாம் பக்கத்துல தாலெத்துக்கு முனையே இல்ல" என்றாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அச்சு தேய்ந்திருக்கிறது. அறுபது வருடமாக அதை வைத்துப் படித்த பெரிய மனிதர் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இன்னும் முந்நூறு பக்கம் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து ஏழு பூதக்கண்ணாடி எடுத்துப்போகிறேன். ஞாயிறு ஒன்பது மணிக்கே வகுப்பு. யாரையும் அனுப்பித் தொலைக்காதீர்கள்.