சீட்டு பையில், கணினி வேறு கையில்

அன்புள்ள மகள் தூலிக்கிக்கு,

அப்பா ஆர்வோ எழுதுவது. நான் நலம். உன் கணினி ரிப்பேர் கடையும் நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. ஏரிக்கரைக் குடிலில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள், சொன்னபடி போனையும் அணைத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதனால்தான் கடிதம்.

இரண்டு வாரம் தப்பில்லாமல் கடையைப் பார்த்துக்கொண்டால், கோடை முடிந்ததும் வாரம் மூன்று நாள் கல்லா நாற்காலி எனக்கு என்று சொல்லியிருந்தாய். லாரி ஓட்டுவதை விட்ட நாளிலிருந்து வீட்டுச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பவனுக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். வேலையும் சுலபம்தான். எதையும் திறக்கக் கூடாது, கணினியை வாங்கிப் பெயர்ச்சீட்டுக் கட்டணும், கேட்டவருக்குத் திருப்பிக் கொடுக்கணும்.

ஆனால் வருகிறவர்கள் சுலபமாக இல்லையே. ஒருவர் மழையில் வெளியே நின்றுகொண்டே இருந்தார், ஏன் என்றால் "உள்ள ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தாரே" என்கிறார். இன்னொருவர் கொண்டுவந்த கணினி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. "சவுனாவுல வெச்சிருந்தேன், ஆவிக் குளியல் போட்டுக்கிட்டே ஹாக்கி மேட்ச் பாக்க." "எவ்வளவு சூடு வெச்சீங்க?" "சூடெல்லாம் இல்லப்பா, மிஷினுக்காகக் கொறச்சுத்தான் வெச்சேன். எண்பது டிகிரி."

இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, என் லட்சணத்தைக் கவனிக்கவில்லை. நீ சரிசெய்து வைத்துப்போன இரண்டு கறுப்புக் கணினிகள், ஒன்று தேனீ வளர்க்கும் யால்மரியுடையது, மற்றது தேவாலயப் பாட்டுக்குழு ஹில்க்காவுடையது. சீட்டை ஒழுங்காகத்தான் கட்டினேன், பையில் கட்டினேன். பிறகு, மகள் கடையாச்சே, பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். மீதியை நீயே ஊகித்திருப்பாய், திரும்ப வைக்கும்போது பை மாறிப்போனது. கடவுச்சொல்லும் கிடையாது, நம்ம ஊரில் வீட்டையே யாரும் பூட்டுவதில்லை.

வாங்கிப்போன இருவரிடமிருந்தும் ஒரு புகாரும் இல்லை. யால்மரி ஒருநாள் வந்து ஒயர் வாங்கினார். மறுநாள் வந்து பேட்டரி வாங்கினார். மூணாவது தடவை கதவுவரை போய்த் திரும்பி, "என்னப்பா ஆர்வோ, இந்த மிஷின் என்னோடது இல்லன்னு நெனைக்கிறேன்" என்றார்.

"எப்போ தெரிஞ்சுது?"

"வாங்கிட்டுப் போன அன்னைக்கே."

"அடப்பாவி, அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ வேலையா இருந்தே. எதுக்குத் தொந்தரவுன்னு..."

ஹில்க்காவுக்குப் போன் போட்டேன். "தெரியும் ஆர்வோ. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன். அதுல ஒரு சதுரங்க ஆட்டம் பாதியில கெடந்துது. அந்த மனுஷன் தோத்துக்கிட்டு இருந்தார். பாக்கச் சகிக்கல, நானே ஜெயிச்சு முடிச்சிட்டேன்."

இந்தப் பக்கம் யால்மரி, ஹில்க்கா தட்டெழுதி வைத்திருந்த சமையல் குறிப்புகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து ஒரு வாரமாக அடுப்படியில்தான் குடியிருந்தாராம்.

நேற்று இருவரையும் வரவழைத்து, அவரவர் கணினியை அவரவர் கையில் கொடுத்தேன். ஆளுக்கொரு "நன்றி" சொன்னார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். ஆக, நடந்த தப்பு திருத்தப்பட்டுவிட்டது, நடக்காத மாதிரியே ஆகிவிட்டது. நாற்காலி விஷயத்தை நீ தைரியமாக முடிவு செய்யலாம்.

மருமகனுக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தம். மீன் நிறையக் கிடைக்கட்டும், கொசுக்கள் பக்கத்துக் குடிலுக்கே போகட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் யால்மரி வந்துவிட்டார். "அந்தத் தப்பான மிஷினே இருக்கட்டுமே ஆர்வோ, நான் இன்னும் மீன் ரொட்டிக் குறிப்புக்கே வரல" என்கிறார். அவர் பின்னாலேயே ஹில்க்கா, அடுத்த ஆட்டம் பாதியில் நிற்கிறதாம். மாற்றிக் கொடுத்துவிட்டேன். நீ வந்து, பழையபடி தப்பு நடந்திருக்கிறது என்று திருத்தி வைத்துவிடாதே, அப்புறம் அந்தத் தப்பு உன்னுடையது. நாற்காலியை மட்டும் யோசித்துச் சொல். அதற்கு மெத்தை வாங்கிப் போட்டுவிட்டேன், கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம்.