டேக் போட்டவர்தான் உட்கார வேண்டும்

மனைவியை வேலைக்கு அனுப்புவதில்லை என்று சூசைராஜ் முடிவெடுத்தபோது அவர் தட்டில் நாலாவது தோசை வந்து விழுந்தது. முடிவெடுக்க வைத்ததே அந்தத் தோசைதான். ஓரம் சிவந்து, நடுவில் ஆவி பறந்து, கேட்காமலே வந்த தோசை. அது இல்லாத ஒரு காலை வேளையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்னபுஷ்பத்துக்கு வயது நாற்பத்து நாலு. மகள் பெனிட்டா ஜூன் மாதம் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைப்பாக்கத்து வீட்டில் பகலெல்லாம் அவளோடு சத்தமாகப் பேச மிக்ஸி மட்டும்தான் மிச்சம். இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். போனாள். ஒயரில் டேப் சுற்றிக் காட்டினாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி பஸ் மாதா கோயில் முனையிலேயே நிற்கும்.

சூசைராஜ் ஒரகடத்தில் கார் சீட்டு செய்யும் கம்பெனியில் கடைசிச் சோதனை பார்ப்பவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு கத்தை சிவப்பு டேக் இருக்கும். ஒரு சீட்டில் சந்தேகம் வந்தால் குறையை எழுதி, கையெழுத்துப் போட்டு, டேக்கை ஒட்டிவிடுவார். அதன் பிறகு மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. டேக் போட்டவரே உட்கார்ந்து பார்த்து, கீழே 'சரி' என்று இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் ரூல்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாம்பார்ப் பாத்திரத்தில் ஒரு டேக்: 'உப்பு கூடுதல்.' குக்கரில் ஒன்று: 'மூன்றாவது விசில் தாமதம்.' மிக்ஸிக்கு 'சத்தம்' என்று போட்டுவிட்டு ஓவர்டைமுக்குப் போனவர் பதினோரு நாள் அதை மறந்துவிட்டார். அந்த முறை மட்டும் அன்னபுஷ்பம் ரூலை மீறவில்லை. பதினோரு நாளும் வீட்டில் சட்னி இல்லை. கடைசியில் அலறியடித்துக்கொண்டு மிக்ஸிக்குக் கையெழுத்துப் போட்டார். மற்ற எதற்கும் போட்டதில்லை. அந்த டேக்குகளை அவளே உரித்து எடுத்தாள். குப்பையில் போடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீ அங்க போயி இன்னா கிழிக்கப் போற, புஷ்பம்? வூட்ல ஒரு பல்லி வுழுந்தா நீ கத்துற கத்துல தெருவே ஓடியாருது. அங்க மிஷினு கீது, சைரன் கீது."

"பல்லி மேல வுழும். மிஷினு எங்கயாச்சும் மேல வந்து வுழுமா?"

"தைரியம் வோணும்."

"கீது."

"எங்க, காட்டு."

காட்டுவதற்கு ஓர் இடமும் அவர் கைவசம் இருந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய தீம் பார்க்கில் 'மேகப் பல்லக்கு' என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. பெரிய உருண்டைக் கூடம். நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி, கால் தொங்க மேலே தூக்கிவிடுவார்கள். எதிரில், தலைக்கு மேலே, காலுக்குக் கீழே, எல்லாம் திரை. நிஜமாகவே மலை உச்சியிலிருந்து விழுவது போல இருக்குமாம். கம்பெனியில் குடும்ப தினத்துக்கு இரண்டு பாஸ் கொடுத்திருந்தார்கள். முந்தின வாரமே போய்விட்டு வந்த, அவரோடு வேலை பார்க்கும் டெனிசன் இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை.

"கண்ண மூடக் கூடாது. கத்தக் கூடாது. அப்டி எறங்கி வந்துட்டின்னா திங்கக்கிழமை நீ பஸ் ஏறு, நானே டாட்டா காட்டறேன். இல்லாங்காட்டி வேலைப் பேச்சே இந்த வூட்ல இருக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

அன்னபுஷ்பம் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"சரி, பெனிட்டா அப்பா. ஆனா நீங்களும் பக்கத்துல குந்தணும். நான் கண்ண மூடறனா இல்லியான்னு வேற யாரு பாக்கறது?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சூசைராஜுக்கு உயரம் ஆகாது. அந்த வீட்டில் பல்பு மாற்றுவது அன்னபுஷ்பம்தான். இருந்தாலும், "குந்தறேன், அதுக்கின்னா?" என்றார். சொல்லும்போதே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திட்டம் தயாராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். வரிசையில் ஒரு மணி நேரம். பின்னால் அவர் கம்பெனி ஆட்களே நாலைந்து பேர். சீட்டு பூட்டும் லைனில் வேலை பார்க்கும் மாசானமும் இருந்தான். தெற்கத்திக்காரன், குரலைத் தணிக்கத் தெரியாதவன்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பெல்ட் மாட்ட இசைவாணி என்று பெயர்ப் பட்டை குத்திய பெண் வந்தாள். அவள் அடுத்த வரிசைக்குப் போகிற வரை காத்திருந்து, சூசைராஜ் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்தார். உச்சுக்கொட்டினார். டேக்கை எடுத்தார். 'பக்கிள் லூஸ்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நாற்காலிக் கையில் பளிச்சென்று ஒட்டினார்.

"யம்மா, இந்த சீட்டு ஹோல்டு. நான் குவாலிட்டி. நான் எறங்கிடறேன், நீங்க மத்தவங்கள வச்சி ஓட்டுங்க. புஷ்பம், நீ குந்து. நான் வெளியில நின்னு சத்தம் வருதான்னு கேட்டுக்கறேன்."

இசைவாணி ஓடி வந்தாள். பெல்ட்டைத் தானும் இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான சார் கீது?"

"நல்லா கீதான்னு சொல்ல நீ யாரும்மா? டேக் போட்டாச்சி."

அன்னபுஷ்பம் பதற்றப்படாமல் திரும்பினாள்.

"அவர் சொல்றது கரீட்டும்மா. இருவத்திரண்டு வருஷமா சீட்டு பாக்கறவரு. ஆனா அவுங்க ரூலு இன்னான்னா, டேக் போட்டவரே குந்தி ஓட்டிப் பாத்து 'சரி'ன்னு கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் யாரும் எதையும் நகத்தக் கூடாது."

"புஷ்பம், அது கம்பெனி ரூலு..."

"மிக்ஸிக்கும் அதே ரூலுதான சொன்னீங்க?"

பின்வரிசையிலிருந்து மாசானத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அக்கா சொல்லுதது சரிதான் சார்! போட்டவருதான உக்காரணும்? உக்காருங்க சார், நேரமாவுது!"

"ஆமா சார்!" என்றது கூடம்.

சொந்த ரூலை மறுத்துவிட்டு நாளைக்கு எப்படி லைனில் நடப்பது? சூசைராஜ் உட்கார்ந்தார். இசைவாணி பக்கிளை இரண்டு முறை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. காலுக்குக் கீழே இருந்த தரை காணாமல் போனது.

அதன் பிறகு நடந்ததில் சூசைராஜுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முகத்தில் காற்று அடித்தது. ஈர மண் வாசனை வந்தது. நாற்காலி முன்னால் கவிழ்ந்தது. யாரோ, "அந்தோணியாரே, எறக்கி வுடுங்க! நான் டேக்க எடுத்துடறேன்!" என்று கத்துவது கேட்டது. பாவம், யாரோ பயந்தவன் என்று நினைத்தார். மூச்சு வாங்கியபோதுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. முகத்தில் தண்ணீர் தெறித்தது. விளக்கு எரிந்தது. நாலரை நிமிஷம்தானாம்.

பக்கத்தில் அன்னபுஷ்பம் வாயிலிருந்து முந்தானையை உருவிக்கொண்டிருந்தாள். அரை முழம் நனைந்திருந்தது.

"முந்தானிய கடிச்சிக்கினு இருந்தியா? இது செல்லாது!"

"கத்தக் கூடாதுன்னுதான சொன்னீங்க. கடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா? எனக்கு ஈரக்கொலயே நடுங்கிச்சி. அதுக்காவ கத்தல."

"கண்ண மூடிக்கினு இருந்த. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களா? கடைசில கழுகு ஒண்ணு உங்க மூக்குகிட்டயே வந்துச்சே, அதப் பாத்தீங்களா?"

"பாக்காம? இம்மாம் பெரிய கழுகு."

"அது கொக்குங்க."

மாசானம் இறங்கி வந்து, "கொக்குதான் சார்" என்றான். "நீங்க சத்தம் போட்டதுல அதுவே பயந்திருக்கும்."

இசைவாணி பேனாவை நீட்டினாள். சூசைராஜ் டேக்கில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து இரண்டு வரிக்கு ஓடியது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அன்னபுஷ்பம் பஸ் ஏறினாள். டாட்டா காட்ட அவர் இல்லை. முதல் ஷிஃப்டுக்கு விடியும் முன்பே போய்விட்டார். மத்தியானம் மூன்று மணிக்குப் பசியோடு வீடு திரும்பினார். எப்போதும் வாசலிலேயே வரும் தாளிப்பு வாசனை வரவில்லை. சமையலறை விளக்கைப் போட்டார்.

அடுப்பில் ஒரு சிவப்பு டேக். குக்கரில் ஒன்று. தோசைக்கல்லில் ஒன்று. கழுவிக் கவிழ்த்த சாம்பார்ப் பாத்திரத்தின் முதுகில் ஒன்று. எல்லாம் பழைய டேக். எல்லாம் அவர் கையெழுத்து. 'சரி' என்று போட வேண்டிய இடம் எல்லாவற்றிலும் காலி. மிக்ஸியில் மட்டும் டேக் இல்லை.

போன் போட்டார். எடுக்கவில்லை. லைனில் நிற்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அந்த ரூலும் அவருக்குத் தெரியும்.

சூசைராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு, பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்.