தாழ்ப்பாள் போட்ட தலைவி

மனிதகுலம் எத்தனையோ புரட்சிகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் அரை நாள் பயிற்சியில், அதுவும் நடுவில் தேநீர் இடைவேளை விட்டு, புரட்சியாளர்களை உருவாக்கிய பெருமை கல்வித் துறைக்கே உரியது. காலையில் வெறும் அறிவியல் டீச்சராகப் போனவர், பிற்பகலில் நெஞ்சில் குத்திய பேட்ஜோடு ‘மாற்றத்தின் தலைவி’யாகத் திரும்பினார்.

தலைமை தலைக்கேறிய வேகத்தில் மறுநாளே ஏழாம் வகுப்பில் கேட்டுவிட்டார்: “நம்ம பள்ளிக்கூடத்துல என்ன மாறணும்?”

ஒரு ஒல்லிப் பெண் எழுந்தாள். “பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல டீச்சர். அதனால நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்ல.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. ‘தண்ணீரின் அவசியம்’ என்ற பாடத்தை மூன்று வருடமாக அவர்தான் நடத்துகிறார்.

விஷயத்தைக் கேட்டதும் தலைமையாசிரியர் பூரித்துப்போனார். “அருமையான மாற்றம்! படிவம் மூணுல எழுதுங்க.”

“எழுதினா தாழ்ப்பாள் வந்துடுமா சார்?”

“படிவம் நாலு வரும்.”

வந்தது. ஐந்தும் வந்தது. அதில் ‘மாற்றத்திற்கான தடை’ என்ற கட்டத்தில் டீச்சர் ‘தாழ்ப்பாள் இல்லை’ என்று எழுதினார். ‘தடை, மனநிலை சார்ந்ததாக இருத்தல் வேண்டும்’ என்ற சிவப்பு மைக் குறிப்போடு அது திரும்பி வந்தது.

படிவம் ஒன்பதை நிரப்பிக்கொண்டிருந்த வாரத்தில், அந்த ஒல்லிப் பெண் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். டீச்சர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கினார். அந்தப் பெண்ணின் அம்மா தச்சு வேலை பார்ப்பவள்; அவளே வந்து பத்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் வரிசை நின்றது.

இவ்வளவு பெரிய அநியாயம் நடந்தால் துறை சும்மா இருக்குமா? அதிகாரி நேரிலேயே வந்தார்.

“யாரைக் கேட்டு மாட்டினீங்க?”

“பிள்ளைங்களைக் கேட்டுத்தான் சார்.”

“உங்க வேலை மாற்றத்துக்குத் தலைமை தாங்குறதும்மா. மாத்துறது இல்ல! எழுத்துல விளக்கம் கொடுங்க. அனுமதி வர்ற வரைக்கும் அதைக் கழட்டி வைங்க.”

டீச்சர் இடத்தை விட்டு அசையவில்லை. “நான் கழட்ட மாட்டேன் சார்.”

அதிகாரி பியூனை அனுப்பினார். போன வேகத்தில் திரும்பினார் பியூன். “கழட்ட முடியல சார். உள்ள ஒரு பொண்ணு தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

“வெளிய வந்ததும் கழட்டு.”

“அடுத்த பொண்ணு போயிடுது சார். மொத்த ஏழாம் வகுப்பும் வரிசையில நிக்குது.”

பள்ளி விடும் மணி அடித்தும் வரிசை கலையவில்லை; காத்திருந்து பார்த்துவிட்டு அதிகாரி கிளம்பிப் போனார். தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

துறையின் ஆண்டறிக்கை அந்தப் பள்ளிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிக் கௌரவித்தது. ‘சாதனைகள்’ என்ற தலைப்பின் கீழே ஒன்பது படிவங்கள். தாழ்ப்பாள் மட்டும் ‘முறைகேடுகள்’ என்ற தலைப்பின் கீழே.